பிரெஞ்சு வகுப்பில் ஒரு வாரம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியர்கள் சார்பில் நிகழ்த்திய உரை)



தமிழ்ச் சங்க மேடையில் பிரெஞ்சு மொழியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். தமிழ் வகுப்பு நடத்துவோர்க்கு இது என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். செயலாளர் அவர்கள் வினவியே விட்டார்கள். சற்றுப் பொறுத்தருளுமாறு வேண்டிக்கொண்டு தொடங்குகிறோம்.

எங்களுள் ஒருவருடைய மகளும் மருமகனும் கனடா நாட்டில் டொரோண்டோ நகரில் வாழ்கின்றனர். அவர்களுடைய ஆறு வயது மகள் அங்கே முதல் வகுப்பில் படிக்கிறாள். வீட்டில் தமிழ், வீதியில் ஆங்கிலம், பள்ளியில் பிரெஞ்சு. அவளுக்குப் பிரெஞ்சு ஒரு பாடம் அன்று. கணக்கும் ஓவியமும் கதையும் அவள் பிரெஞ்சிலேயே கற்கிறாள். குழந்தையை மொழியில் மூழ்கச் செய்வது என்னும் பொருள்பட இதனை ‘இம்மர்ஷன்’ வகுப்பு என்கின்றனர். அவ்வகுப்பின் ஆசிரியை வெள்ளிக்கிழமைதோறும் பெற்றோர்க்கு ஒரு மடல் விடுக்கிறார். பெற்றோர் பிரெஞ்சு அறியாதவராதலின் அது மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். மகள் தாய்க்கு அனுப்ப, தாய் எங்களுக்குக் காட்ட, சென்ற ஆண்டு முழுவதும் அம்மடல்களைத் தொடர்கதை படிப்பது போல் படித்து வந்தோம்.

வாரம் திங்கட்கிழமை காலையில் நாட்காட்டியோடு தொடங்குகிறது. குழந்தைகள் ஒரு விரிப்பில் அமர்வர். ஒரு குழந்தை எழுந்து, இன்று ‘லந்தி’, அதாவது திங்கள், நேற்று ஞாயிறு, நாளை ‘மார்தி’ என்று சொல்லும். பின் சாளரத்தின் வழியே நோக்கி, குளிர் அடிக்கிறதா, பனி பெய்கிறதா என்று உரைக்கும். நாள்தோறும் இதே சடங்குதான். நமக்குச் சலிப்பாகத் தோன்றும். ஆறு வயதுக் குழந்தைக்குச் சலிப்பதில்லை. நாளை என்ன கேட்பார்கள் என்று அதற்குத் தெரியும்; தெரிந்ததனால் வாய் திறக்கும்.

வாரத்திற்கு ஓர் ஒலி. அவ்வொலி வரும் சொற்களைத் தேடிச் சுவரில் ஒட்டுவர். ஒ, இ என்னும் ஈரெழுத்தையும் சேர்த்து எழுதிவிட்டு ‘உவா’ என்று படிக்கும் மொழி அது. ஆகவே ஓர் ஒலிக்கு ஒரு வாரம் மிகையன்று. மாலைதோறும் ஒரு சிறு புத்தகம் பையில் வீட்டுக்கு வரும். வெள்ளியன்று ஐந்தாறு சொற்களைச் சொல்லி எழுதச் செய்வர். இடையில் ஒரு நாள், வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து அதைப் பற்றிப் பேச வேண்டும். நம் பேத்தி ஒரு வாரம் இட்லித் தட்டைக் கொண்டு சென்றாள். அதில் குழிகள் எத்தனை என்பதைப் பிரெஞ்சில் எண்ணிக் காட்டினாளாம். பேச வேண்டிய மொழி அயல்மொழி. பேசிய பொருளோ அவள் பாட்டியின் சமையலறையிலிருந்து போனது.

எண்கள் என்றதும் நினைவு வருகிறது. பிரெஞ்சுக்காரர் எழுபதை ‘அறுபது பத்து’ என்பர். எண்பதை ‘நான்கு இருபது’ என்பர். தொண்ணூற்றொன்பதோ ‘நான்கு இருபது பத்து ஒன்பது’. இதைக் கேட்டு எங்களுள் ஒருவர் வாய்விட்டு நகைத்தார். எட்டு, எண்பதாகும் மொழியில் ஒன்பது மட்டும் ஒன்பதுபதாகாமல் தொண்ணூறாவது ஏன் என்று நம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டபோது அவர் நகைக்கவில்லை!

இம்முறை ஆட்சியாளர் சட்டமியற்றி உண்டாக்கியதன்று. மாண்ட்ரியால் நகருக்கு எதிரே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மறுகரையில் செயின்ட் லாம்பர்ட் என்னும் ஊர் இருக்கிறது. சுற்றிலும் பிரெஞ்சு பேசுவோர். ஆயினும் அங்கு வாழ்ந்த ஆங்கிலக் குடும்பங்களின் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சு படித்தும் அண்டை வீட்டாருடன் பேச அறியாதிருந்தனர். இலக்கணமும் மொழிபெயர்ப்பும் தேர்வோடு நின்றுவிட்டன. 1963 இல் பெற்றோர் சிலர் கூடிப் பேசினர். ஓல்கா மெலிகாஃப் போன்ற தாய்மார் முன்னின்று பள்ளி வாரியத்தை விடாது வற்புறுத்தினர். 1965 செப்டம்பரில் 26 மழலைகளுடன் முதல் வகுப்பறை திறந்தது. மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் வாலஸ் லாம்பர்ட் அக்குழந்தைகளை ஆண்டுதோறும் ஆராய்ந்து, ரிச்சர்டு டக்கருடன் இணைந்து 1972 இல் நூலாக வெளியிட்டார். தொடக்கத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டில் பின்தங்கிய பிள்ளைகள், ஆங்கிலப் பாடம் தொடங்கிய பின் மற்றவர்களை எட்டிப் பிடித்தனர், கணக்கில் குறையவில்லை, பிரெஞ்சையோ ஆங்கிலப் பள்ளிகளில் அதைப் பாடமாக மட்டும் படித்தவர்களைவிடப் பன்மடங்கு நன்றாகக் கற்றிருந்தனர். இன்று கனடாவில் இத்தகைய வகுப்புகளில் நான்கு லட்சத்திற்கும் மேற்பட்ட பிள்ளைகள் படிக்கின்றனர்.

முதல் ஆண்டில் மழலைகள் ஆங்கிலத்தில் விடையளித்தாலும் ஆசிரியை தடுக்கமாட்டார். தாம் மட்டும் பிரெஞ்சிலேயே பேசுவார். கையசைவும் படமும் பொருளை உணர்த்தும். குழந்தை தானாகச் சொல்லும் முதல் முழு வாக்கியம் பெரும்பாலும், ‘நான் கழிவறைக்குப் போகலாமா?’ என்பதாகவே இருக்குமாம். சிரிக்க வேண்டா. அவசரம் வந்தபோது கற்ற வாக்கியம் மறப்பதில்லை.

குறையும் உண்டு. கேட்பதிலும் படிப்பதிலும் பிரெஞ்சுப் பிள்ளைகளை நெருங்கிவிடும் இவர்கள், பேசுவதிலும் எழுதுவதிலும் பிழைகளை விடாமல் சுமந்து செல்கின்றனர். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பன போன்றவை தடுமாறுகின்றன. வயதைக் கூறுகையில் பிரெஞ்சுக்காரர் ‘எனக்கு ஆறு வயது உண்டு’ என்னும் போக்கில் கூறுவர். இப்பிள்ளைகள் ஆங்கிலத்தை மனத்தில் வைத்து ‘நான் ஆறு வயது இருக்கிறேன்’ என்பர். ஆசிரியை முகம் சுளிக்காமல் திருத்தமான வடிவத்தைத் தாம் ஒருமுறை சொல்லி மேற்செல்வார். இது போதாது என்று ராய் லிஸ்டர், லைலா ராண்டா என்னும் ஆய்வாளர் இருவர் 1997 இல் எழுதினர். ஆசிரியர் இவ்வாறு திருப்பிச் சொல்வதே மிகுதி. பிள்ளை தன் பிழையைத் தானே திருத்துவதோ அப்போதுதான் மிகக் குறைவு. தாம் சொன்னதை ஆசிரியை ஆமோதித்தார் என்றே குழந்தை எண்ணிக்கொள்ளலாம் அல்லவா? ‘எப்படிச் சொல்ல வேண்டும்?’ என்று கேட்டுக் காத்திருந்தால் பிள்ளையே திருத்திச் சொல்கிறது.

இவ்விடத்தைப் படித்தபோது நாங்கள் சற்று நாணினோம். நம் வகுப்பில் நாங்கள் காத்திருந்ததே இல்லை. பிள்ளை தடுமாறிய உடனே விடையை நாங்களே சொல்லிவிடுவோம்.

நாணத்திற்கு வேறொரு காரணமும் உண்டு. சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று வகுப்பில் குடிநீர்க் குவளை கவிழ்ந்தது. உயிரெழுத்து பன்னிரண்டையும் அப்போதுதான் பிழையின்றி ஒப்பித்திருந்த சிறுமி, ‘துணி கொடுங்கள்’ என்பதை இந்தியில் கேட்டாள். துணியை எடுத்துக் கொடுத்த நாங்களும் இந்தியிலேயே விடையளித்தோம். தமிழ் பலகையில் இருந்தது. தரையைத் துடைக்க வேறு மொழி தேவைப்பட்டது.

ஆயினும் கனடாவின் முறையை அப்படியே கொண்டுவந்துவிடலாம் என்று நாங்கள் கூறவில்லை. அங்கே வாரத்தில் ஐந்து நாள். இங்கே இரண்டு மணி நேரம். அதனினும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே ஆங்கிலக் குழந்தை பிரெஞ்சில் மூழ்கினாலும் அதன் ஆங்கிலத்திற்குக் கேடில்லை. தெருவும் கடையும் திரைப்படமும் அதைக் காத்து நிற்கின்றன. ஒரு மொழியின்மேல் மற்றொன்று சேர்வது வேறு, ஒன்று வந்து மற்றொன்றை அகற்றுவது வேறு என்று லாம்பர்ட்டே பிரித்துக் காட்டினார். இக்குடியிருப்பில் பிறந்த நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்திலும் விளையாட்டுத் திடலில் இந்தியிலும் மூழ்கியே இருக்கின்றனர். அவர்களுடைய தமிழைக் காத்து நிற்கத் தெரு இல்லை. டொரோண்டோப் பேத்திக்கும் ஆபத்து பிரெஞ்சிலன்று, தமிழில்தான். தொலைபேசியில் பாட்டி தமிழில் கேட்க, அவள் ஆங்கிலத்தில் விடையளிப்பது இப்போது மிகுந்து வருகிறது. பாட்டி கவலையுடன் எங்களிடம் சொன்னார்கள். ‘எப்படிச் சொல்ல வேண்டும்?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள் என்றோம். வெளிநாட்டுத் தொலைபேசியில் காத்திருப்பது எளிதன்று, காத்திருக்கிறார்கள்.

இவ்வாண்டு நம் வகுப்பில் சில மாற்றங்கள் செய்தோம். அரிச்சுவடியை நிறுத்தவில்லை. தொடக்கத்தில் நாட்காட்டி, நடுவில் சிற்றுண்டி. பரிமாறுவோரும் பெறுவோரும் பிள்ளைகளே. ‘இன்னும் ஒன்று வேண்டும்’, ‘காரமாக இருக்கிறது’, ‘அவனுக்கு இரண்டு கொடுத்தீர்கள்’ என்பன முதல் மாதத்திலேயே வந்துவிட்டன. மூன்றாவது வாக்கியத்தை நாங்கள் கற்பிக்கவில்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும்போது வாயிலில் நின்று, ‘சீக்கிரம் வா, நேரமாகிறது’ என்பதை இந்தியில் சொல்கிறீர்கள். அதைத் தமிழில் சொல்லி உதவ வேண்டும்.

வரும் ஞாயிறு வகுப்பு வழக்கம்போல் காலை பத்து மணிக்குத் தொடங்கும். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டுவரட்டும். இட்லித் தட்டை மூவர் முன்னரே கேட்டுப் பதிந்துவிட்டனர். மற்றவர்கள் வேறு ஏதேனும் தேடுக.