கரி பில்டர்: எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது?

(மும்பையில் வீட்டு வேலை செய்யும் தமிழ்ப் பெண்கள் கூடிய கற்போர் வட்டத்தில், அவர்களில் ஒருவர் பேசியது.)

நான் மேடையில் பேசிப் பழகியவள் இல்லை. உங்களைப் போல நாலு வீடு ஏறி இறங்கி வேலை செய்கிறவள்தான். நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வந்திருக்கிறேன். அந்தத் தவறால் ஒரு மாதம் எனக்குப் பாதிச் சம்பளம்தான் கிடைத்தது.

நான் வேலை செய்த ஒரு வீட்டில் தூசி உறிஞ்சும் மெஷின் இருந்தது. வாக்குவம் கிளீனர் என்பார்கள். ஒரு நாள் அதைத் திறந்து சுத்தம் செய்தேன். உள்ளே கறுப்பாக ஒரு துண்டு இருந்தது. "இவ்வளவு அழுக்கா!" என்று நினைத்தேன். சோப்புப் போட்டுக் கசக்கினேன். கறுப்புத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஈரத்தோடு திரும்ப மாட்டினேன். மெஷினை ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடை வந்தது. மெஷின் நின்றுவிட்டது.

பழுது பார்க்க ஒருவர் வந்தார். "இது அழுக்கு இல்லை அம்மா, கரி. இதைக் கழுவக் கூடாது. ஈரம் மோட்டாருக்குள் போய்விட்டது. உங்களுக்கு ஷாக் அடிக்காமல் இருந்ததே பெரிது" என்றார். மெஷினோடு வந்த சிறு புத்தகத்தை விரித்துக் காட்டினார். அதில் ஒரு தண்ணீர்க் குழாய்ப் படம். படத்தின் மேல் குறுக்குக் கோடு. பக்கத்தில் எழுத்து. அப்போது எனக்கு எழுத்து தெரியாது. அந்தப் புத்தகத்தை யாரும் எனக்குக் காட்டவும் இல்லை.

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

இந்தக் கரி எப்படி வருகிறது? தேங்காய்ச் சிரட்டையை அதிகக் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்குகிறார்கள். பிறகு கடும் சூட்டில் நீராவியைச் செலுத்துகிறார்கள். கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உண்டாகின்றன. ஒரே ஒரு கிராம் கரியின் துளைகளை எல்லாம் விரித்தால் 500 சதுர மீட்டருக்கும் மேல் வரும். நாம் குடியிருக்கும் 10 அடிக்கு 10 அடி அறைகள் ஐம்பதுக்கும் மேல்! காற்றில் வரும் வாடை இந்தத் துளைகளில் ஒட்டிக்கொள்கிறது. துளைகள் நிறைந்துவிட்டால் கரியின் வேலை முடிந்தது. கழுவினால் துளைகள் காலியாகாது. புதிது மாற்ற வேண்டும்.

அப்படியானால் தூசியைப் பிடிப்பது எது? பெரிய தூசியைப் பையோ டப்பாவோ பிடிக்கும். நுண்ணிய தூசியை ஹெப்பா என்ற பில்டர் பிடிக்கும். ஒரு மில்லிமீட்டரை 1,000 பங்காக்கினால் ஒரு பங்குக்கு ஒரு மைக்ரான் என்று பெயர். 0.3 மைக்ரான் அளவுள்ள 10,000 துகள்கள் வந்தால், ஹெப்பா 9,997-ஐத் தடுத்துவிடும். கரியின் வேலை அது இல்லை. கரி பிடிப்பது வாடையை. வாடை போய்விட்டால் ஆபத்தும் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது.

போன வாரம் ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, சமையலறையில் கேஸ் வாடை வந்தால் இந்த மெஷினை ஓட்டலாமா? கரிதான் வாடையைப் பிடிக்குமே!"

கூடவே கூடாது. கேஸ் கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அதில் வாடையைச் சேர்க்கிறார்கள். சிலிண்டரில் வரும் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு தேங்கி நிற்கும். மெஷினின் வாயும் தரையில்தான் இருக்கிறது. மோட்டாரில் ஒரு பொறி பறந்தால் போதும், வீடே தீப்பிடிக்கும். அந்த நேரத்தில் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, ஜன்னலைத் திறங்கள். எல்லோரும் வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவு அவசரத்துக்கான எண் அது.

இன்னும் சில விஷயங்களை மனதில் வையுங்கள்.

1. மெஷினைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

2. கொசுவர்த்திச் சாம்பல், ஊதுபத்திச் சாம்பல், தூபக்கால் சாம்பல் இவற்றை மெஷினால் உறிஞ்சக் கூடாது. உள்ளே ஒரு கங்கு இருந்தால், மெஷின் காற்றே அதை ஊதிவிடும். கரியும் எரியும் பொருள்தானே!

3. மண்ணெண்ணெய், பெட்ரோல், பெயிண்ட் தின்னர் சிந்திய இடத்தில் ஓட்டக் கூடாது. தண்ணீரையும் உறிஞ்சக் கூடாது. தண்ணீர் உறிஞ்சுவதற்கென்றே செய்த மெஷின் என்றால் மட்டும் சரி.

4. வாசனைக்காகக் கரி பில்டரில் அத்தர், சென்ட் ஊற்ற வேண்டாம். துளைகள் சீக்கிரம் நிறைந்துவிடும்.

5. சில மெஷின்களில் பஞ்சு பில்டரைக் கழுவலாம். புத்தகத்தில் அப்படிப் போட்டிருந்தால் மட்டும் கழுவுங்கள். அடுப்பில் காட்டாமல், நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள்.

6. கரித்தூள் உதிர்ந்தாலோ, பில்டர் கிழிந்தாலோ மாற்றச் சொல்லுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, பழையதைப் பையில் போட்டுக் கட்டி எறியுங்கள். பில்டர் இல்லாமல் மெஷினை ஓட்ட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. புது மெஷினைக் கையில் கொடுத்தால், "இதன் புத்தகத்தைக் காட்டுங்கள், ஒரு தடவை சொல்லிக் கொடுங்கள்" என்று வீட்டம்மாவிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. கேட்காமல் விட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

நான் முதலில் இந்த வட்டத்தில் தமிழ் படித்தேன். பிறகு மெல்ல இந்தி எழுத்தும் கற்றேன். இப்போது வேலை செய்யும் வீட்டிலும் அதே மாதிரி ஒரு மெஷின் இருக்கிறது. அதன் புத்தகத்தை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தேன். "கழுவக் கூடாது" என்று இந்தியில் போட்டிருந்தது. இரண்டே வார்த்தை. அன்றைக்கு அது எனக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பாதிச் சம்பளம் என் வீட்டுக்கு வந்திருக்கும்.

பேசிப் பார்ப்போம்:
• கேஸ் வாடை வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?
• நீங்கள் வேலை செய்யும் வீட்டில் உள்ள மெஷினின் புத்தகத்தைப் பார்த்திருக்கிறீர்களா?
• தெரியாமல் நடந்த பழுதுக்குச் சம்பளத்தைப் பிடிப்பது சரியா?