குறைபட்ட காசுகளும் குறையாத வரலாறும்

இலக்கியம் பேசும் அவையில் பழங்காசைப் பற்றிப் பேசத் தமிழாசிரியைக்கு என்ன உரிமை என்று சிலர் எண்ணக்கூடும். சங்கப் புலவர் வரிசையில் வடம வண்ணக்கன் தாமோதரனாரும், வடம வண்ணக்கன் பேரிசாத்தனாரும், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழானும் இருக்கின்றனர். வண்ணக்கன் என்பது பொன்னையும் காசையும் நோட்டம் பார்ப்பவனைக் குறிக்கும் சொல். காசின் மாற்றை ஆய்ந்த கையே பாட்டும் எழுதிய நாடு இது. அந்த உரிமையில்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

காசு சேர்ப்போர் பலரும் தேடுவது பழுதற்ற காசு. எழுத்துத் தெளிவாக இருக்க வேண்டும், விளிம்பு வட்டமாக இருக்க வேண்டும், கீறல் கூடாது, துளை கூடவே கூடாது. அத்தகைய காசுக்கு விலை மிகுதி. மற்றவை வணிகரின் தட்டில் மூலையில் கிடக்கும்; உலோக விலைக்கு உருக்கப்படுவதும் உண்டு. அந்த மூலையில் கிடக்கும் காசுகளுக்காகவே நான் வழக்காட விரும்புகிறேன்.

புறநானூறு நானூறு பாட்டுகளைக் கொண்ட தொகை. அதில் 267, 268ஆம் பாட்டுகள் நமக்குக் கிடைக்கவில்லை. வேறு பல பாட்டுகள் அடி சிதைந்தும் சொல் குறைந்தும் நிற்கின்றன. 1894இல் உ.வே. சாமிநாதையர் அந்நூலைப் பதிப்பித்தபோது, சிதைந்தவை என்று அப்பாட்டுகளை ஒதுக்கினாரா? இல்லை. தம் கற்பனையால் இட்டு நிரப்பினாரா? அதுவும் இல்லை. எஞ்சியதை எஞ்சியவாறே காத்துத் தந்தார். செல்லரித்த ஏட்டுக்கு நாம் காட்டும் இந்த மதிப்பைத் தேய்ந்த காசுக்கும் காட்ட வேண்டும் என்பதே என் உரையின் சாரம்.

காசின் குறைகளை நான்காகப் பகுத்துக் காணலாம். முதலாவது பிறவிக் குறை. அக்காலத்தில் கீழச்சின்மீது உலோகத் துண்டை வைத்து, மேலச்சைப் பொருத்திச் சம்மட்டியால் அடித்தனர். கை சற்று விலகினால் உருவம் ஓரத்துக்குப் போய்விடும். அடி கடுமையானால் விளிம்பு வெடிக்கும். முன் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த துண்டில் அதன் உருவம் குழிந்து, இடவலம் மாறிப் பதியும்.

இராசராசன் பெயர் பொறித்த செப்புக்காசுகளைப் பாருங்கள். ஒருபுறம் நின்ற உருவம். மறுபுறம் அமர்ந்த உருவம். அதன் அருகே நாகரி எழுத்தில் மன்னன் பெயர். அச்சு விலகிய காசில் பெயரின் முற்பகுதி மட்டும் இருக்கும். இன்னொன்றில் பிற்பகுதி மட்டும் இருக்கும். பொலன்னறுவையிலிருந்து ஆண்ட இலங்கை மன்னர்களும் இதே அமைப்பில் காசு வெளியிட்டதால், பெயர் இல்லாத காசு யாருடையது என்னும் ஐயம் எழும். ஆனால் ஒரே அச்சில் அடித்த குறைக்காசுகள் பத்தை அருகருகே வைத்தால், ஒன்றில் இல்லாதது மற்றொன்றில் இருக்கும். அச்சின் முழு வடிவம் நம் கண்முன் எழும். பல ஏடுகளை ஒப்புநோக்கி ஒரு பாடத்தைத் தெளியும் பதிப்பாசிரியரின் முறை இதுவன்றோ?

இரண்டாவது தேய்வு. கரூரில் அமராவதி ஆற்று மணலில் சேரர் காசுகளும் உரோமர் காசுகளும் கிடைத்துள்ளன. உரோமருடைய சிறு செப்புக்காசுகள் பல, முகமும் எழுத்தும் மழுங்கியவை. மன்னனின் தலையும் ‘மாக்கோதை’ என்னும் பெயரும் கொண்ட வெள்ளிக்காசுகளைக் காண்போர் வியக்கின்றனர். மழுங்கிய செப்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த மழுக்கமே அக்காசு கைமாறிக் கைமாறிப் புழங்கியதைச் சொல்லும் சான்றாகலாம். மணல் உரசிய தேய்வாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய விளிம்பையும் உருவத்தின் மேடுகளையும் பார்க்க வேண்டும். புழக்கத்தில் உயர்ந்த பகுதிகள் முதலில் தேயும். மணலோ மேடு பள்ளம் இரண்டையும் அராவும். வெறுமையாகத் தோன்றும் காசைச் சாய்ந்த ஒளியில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். ‘பெருவழுதி’ என்று தமிழ்ப் பிராமியில் பொறித்த பாண்டியரின் சதுரச் செப்புக்காசு போன்றவற்றைப் படிக்க உதவுவது பெரும்பாலும் இந்தச் சாய்ந்த ஒளியே.

மூன்றாவது, மனிதர் இட்ட வடு. 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் கறுக்காகுறிச்சி என்னும் ஊரில், ஐந்நூறு அளவிலான உரோமப் பொற்காசுகள் கொண்ட புதையல் வெளிப்பட்டது. அகசுடசு முதல் வெசுபாசியன் வரையிலான பேரரசர் காலத்தவை அவை. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. ஏன் வெட்டினர்? உள்ளே செம்பு இருக்கிறதா என்று சோதிக்க வெட்டினர் என்பார் சிலர். இனி இது காசன்று, எடைக்குரிய பொன்னே என்று காட்ட வெட்டினர் என்பார் வேறு சிலர். அயல் மன்னன் உருவத்தை ஏலாமையால் வெட்டினர் என்பாரும் உளர். வாதம் முடியவில்லை. ஆனால் அந்த வெட்டு இல்லையென்றால் இவ்வினாக்களே எழுந்திரா. யவனர் கலங்கள் பொன்னைத் தந்து மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு கூறுகிறது. வந்த பொன்னை நம் மக்கள் என்ன செய்தனர் என்பதை வெட்டுண்ட காசு கூறுகிறது. அழகிய முகம் உரோமருடையது. அதன்மேல் விழுந்த வடு இம்மண்ணில் வாழ்ந்த ஒருவனுடையது.

முத்திரை குத்திய பழைய வெள்ளிக்காசுகளில், வெளியிட்டோர் இட்ட முத்திரைகளுக்கு அப்பால் ஓரத்திலும் பின்புறத்திலும் சிறு சிறு குறிகள் காணப்படும். அவை நோட்டம் பார்த்தோர் இட்ட அடையாளங்கள் எனக் கருதப்படுகின்றன. வண்ணக்கர் என்னும் சொல்லை நாம் நூலில் படிக்கிறோம். அத்தகையோரின் கைத்தடத்தைக் காசில் காண்கிறோம்.

துளையிட்ட காசும் இவ்வகையே. குழந்தையின் அரைஞாணில் கட்டவும் பெண்ணின் கழுத்தில் கோக்கவும் இட்ட துளை, அக்காசு சந்தையை விட்டு வீட்டுக்குள் வந்ததைச் சொல்லும். எல்லாத் துளையும் பின்னர் இட்டதன்று என்பதையும் நினைவில் கொள்க. நம் முன்னோர் ‘ஓட்டைக் காலணா’ என்று அழைத்த காசு, போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டால் 1943 முதல் 1947 வரை அக்கசாலையிலேயே துளையுடன் அடிக்கப்பட்டது.

நான்காவது மண் தந்த நிறம். செம்பின்மீது படியும் கரும்பச்சைப் படலத்தை அழுக்கு என்று எண்ணுவோர் மிகுதி. உறுதியான அப்படலம் காசுக்குக் காப்பு. எழுத்தின் நுண்மை பல வேளைகளில் அதிலேயே தங்கியிருக்கும். ஒருமுறை என் மாணவி ஒருத்தி ஒரு செப்புக்காசைக் கொணர்ந்தாள். எனக்குக் காட்டுவதற்காகவே புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கியிருந்தாள். காசு பளபளத்தது, எழுத்து இருந்த இடத்தில் நிழல்கூட இல்லை. எத்தனையோ நூற்றாண்டுகள் மண் காத்ததை ஒரு காலைப்பொழுதின் அன்பு அழித்துவிட்டது. அவளை நான் கடிந்துகொள்ளவில்லை. காசைத் துலக்கக்கூடாது என்று அவளுக்குச் சொல்வார் யாரும் இருக்கவில்லை.

ஆகவே சேகரிப்போர்க்குச் சில சொற்கள். காசைத் துலக்காதீர்கள், விளிம்பைப் பற்றியே எடுங்கள். வெளிர்பச்சை நிறத்தில் பொடியாக உதிரும் புள்ளி தோன்றினால், அது காப்பன்று, நோய். அக்காசைப் பிறவற்றினின்று பிரித்து, ஈரமில்லாத இடத்தில் வைத்து, அறிந்தாரிடம் காட்டுங்கள். மலிவான பி.வி.சி. உறைகளில் நெடுநாள் வைக்காதீர்கள். அவை கசியவிடும் பொருள் உலோகத்தை அரிக்கும். எடை, குறுக்களவு, கிடைத்த ஊர் மூன்றையும் எழுதி வையுங்கள். கிடைத்த ஊர் தெரியாத காசு, ஆசிரியர் பெயர் இழந்த பாட்டைப் போன்றது.

குறைபட்டவை அனைத்தையும் சேர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எஞ்சிய பகுதியில் அழகு உண்டா? குறை ஏதேனும் செய்தி கூறுகிறதா? இவ்விரு வினாக்களில் ஒன்றுக்கேனும் ஆம் என்று விடை வந்தால் அக்காசு கொள்ளத்தக்கது. அதே வேளையில், இக்காலத்தார் செய்யும் பொய்யையும் அறிய வேண்டும். துளையை அடைத்து முழுக்காசு என விற்பதும், மழுங்கிய எழுத்தை உளியால் புதுப்பிப்பதும் உண்டு. பழைய வடு வரலாறு. புதிய பூச்சு இடைச்செருகல்.

சட்டத்தையும் மறத்தல் ஆகாது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் அயல்நாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. புதையலாகக் கிடைத்த காசுகளை நல்லது, கெட்டது என்று பிரித்து விற்றுவிட்டால், ஒரு சுவடியின் ஏடுகளைக் கட்டவிழ்த்துக் காற்றில் விட்டதற்கு ஒப்பாகும்.

பழுதற்ற காசு அதை வெளியிட்ட மன்னனைப் பற்றிப் பேசும். பழுதுற்ற காசு அதைக் கையில் வாங்கி ஐயுற்றவனையும், உளியால் வெட்டியவனையும், துளையிட்டு மகளுக்கு அணிவித்தவளையும் பற்றிப் பேசும். மன்னர்க்குக் கல்வெட்டும் செப்பேடும் உண்டு. மற்றவர்க்கு இந்த வடுக்களைத் தவிர வேறு ஆவணம் பெரும்பாலும் இல்லை. அவற்றை உருக்கு உலைக்கு அனுப்பாமல் காப்பது தமிழ் கற்றோரின் கடமைகளுள் ஒன்று.