நெல் பணம் வேறு, வாடகைப் பணம் வேறு

ஒரகடம் சிப்காட்டை ஒட்டி இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நெல். சாலையோரத் துண்டில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அதற்கு மாத வாடகை. வீட்டு மாடியில் கம்பெனிப் பையன்கள் குடியிருக்கிறார்கள், அதற்கும் வாடகை.

நெல் விற்ற பணத்துக்கு வருமான வரி கிடையாது. பயிர் வைக்கக் குத்தகைக்கு விட்டாலும் கிடையாது. ஆனால் லாரி நிற்கிற வாடகை விவசாய வருமானம் ஆகாது. பட்டாவில் நஞ்சை என்றே இருந்தாலும் ஆகாது. மாடி வாடகையும் அப்படித்தான். நெல் மூட்டையில் கேழ்வரகைக் கொட்டுவோமா?

ஆகவே ஆடிட்டரிடம் போனதும் இதைக் கேளுங்கள்: "எங்க வரவுல எது விவசாயம், எது வாடகை?" பிரித்துச் சொல்கிறவரை வைத்துக்கொள்ளுங்கள். "எல்லாத்தையும் விவசாயம்னு போட்டுடலாம், விடுங்க" என்கிறவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். நாளைக்கு வருமான வரித் துறை அடங்கலைக் கேட்டால், அதில் லாரியா விளைந்திருக்கும்? நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும், ஆடிட்டர் பெயருக்கு அல்ல.

அந்த நோட்டீஸும் இப்போது இணையத்தில்தான் வருகிறது. சில ஆடிட்டர்கள் தங்கள் செல்போன் எண்ணையே பதிந்துவிடுகிறார்கள். நிலத்துக்காரருக்குத் தகவலே தெரிவதில்லை. வருமான வரி இணையதளத்தில் உங்கள் எண் இருக்கட்டும், பாஸ்வேர்டும் உங்களிடம் இருக்கட்டும். நெல் விற்ற ரசீதையும் அடங்கல் நகலையும் ஒரே பையில் வையுங்கள். இன்றைக்கே ஆடிட்டருக்குப் போன் போட்டு, யாருடைய எண் பதிவாகியிருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.