வாதம் என்னும் ஒரு பெயர்

மூட்டில் நோவு கண்டால் "வாதம்" என்று சொல்லி எண்ணெய் தடவிவிடுவது நம்மவர் வழக்கம். அந்த ஒரு பெயருக்குள் பல நோய்கள் அடங்கியுள்ளன. முதியோரின் முழங்கால் நோவு பெரும்பாலும் தேய்வினால் வருவது; நடக்க மிகும், ஓய்ந்திருக்கத் தணியும். இரு கைகளிலும் விரல் மூட்டுக்கள் வீங்கி, காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் விறைப்பு நீங்காதிருப்பின், அது முடக்குவாதமாகலாம். பெண்களையே அது மிகுதியும் பற்றும்.

இவற்றினும் நான் அஞ்சுவது, பெரும்பாலும் 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வரும் வாதக் காய்ச்சலையே. தொண்டை நோவு வந்து இரண்டு மூன்று வாரங்கள் சென்றபின், காய்ச்சலுடன் முழங்கால் வீங்கும், அது வற்றக் கணுக்காலில் தோன்றும், பின்னர் முழங்கையில். சில வாரங்களில் எல்லாம் மறைந்துவிடும். வளர்கின்ற பிள்ளைக்கு வரும் உளைவுதானே என்று பெற்றோர் ஆறுதலடைவர். நோயோ அதற்குள் இருதய வால்வுகளைத் தாக்கியிருக்கக்கூடும். மூச்சிளைப்புப் பல ஆண்டுகள் கழிந்தே வெளிப்படலாம்.

நோய் உறுதியானால், 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி பல்லாண்டுகள் போடவேண்டும். பிள்ளை ஓடியாடுகின்றதே என்று இடையில் நிறுத்துவோர் உளர். மீண்டும் வரும் தொண்டை நோவு வாதக் காய்ச்சலைத் திரும்பக் கொணர்ந்து, இருதயத்தை மேலும் பழுதாக்கக்கூடும். ஆகவே வைத்தியரிடம் மூட்டைக் காட்டும்போது, முன்வந்த தொண்டை நோவையும் மறவாது சொல்லுங்கள்.