மாதத்தைச் சொல்லுங்கள், கரையைச் சொல்கிறேன்



இலங்கைக்குப் போகிறோம், காட்டு விலங்குகளைப் பார்க்க வேண்டும், எங்கே போகலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். எந்த மாதம் போகிறீர்கள்? பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் என்பார்கள் சிலர். டிக்கெட் மலிவாகக் கிடைக்கும்போது என்பார்கள் சிலர். இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு மாதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அந்தத் தீவுக்கு இந்தக் கணக்கு சரிவராது.

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஏறக்குறையப் பாதி. நடுவே மலை நிற்பதால் இரண்டு பருவமழைகளும் அந்த நிலத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை கொழும்பு, காலி, மலைநாடு என்று கொட்டித் தீர்க்கும். அதே நேரத்தில் திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் நிலம் காயும், கடல் அடங்கிக் கிடக்கும். வடகிழக்கு மழை இறங்கியதும் நிலைமை மாறும்: கிழக்குக் கரையில் அலை எழும்பும், மழைக்காலம் முடிய முடியத் தெற்குக் கரையில் படகுகள் புறப்படும். ஆக, எப்போது போனாலும் ஏதாவது ஒரு கரை உங்களுக்குத் திறந்திருக்கும். விலங்குகளும் இந்த மழைக் கணக்கின்படிதான் இடம் மாறுகின்றன.

ஆகஸ்ட், செப்டம்பரில் போகிறவர்கள் வேறெதைத் தவறவிட்டாலும் மின்னேரியாவைத் தவறவிட வேண்டாம். கொழும்பிலிருந்து வடகிழக்கே ஹபரணை என்ற சிற்றூர். அங்கே தங்கிக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜீப் எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும். மின்னேரியாக் குளத்தைக் கட்டியவன் மகாசேன மன்னன், ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன்பு. சுற்றுவட்டார விவசாயிகள் அவனை இன்றும் மின்னேரித் தெய்வமாகவே கும்பிடுகிறார்கள். நெல்லுக்காக எழுப்பிய குளம் அது. சிறுபோகச் சாகுபடிக்கு மதகைத் திறந்து தண்ணீர் விட விட, நீர்மட்டம் இறங்கிக்கொண்டே வரும். காடெல்லாம் காய்ந்து சருகாகிக் கிடக்கும் நேரத்தில், தண்ணீர் பின்வாங்கிய குளத்துப் படுகையில் மட்டும் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தில் பசும்புல் முளைக்கும். அந்தப் புல்லைத் தேடித்தான் யானைகள் வருகின்றன. மனிதன் வயலுக்கு நீர் பாய்ச்சுவதும் யானைக்கு மேய்ச்சல் கிடைப்பதும் ஒரே மதகில் நடக்கிற காரியம்.

வெயில் தாழத் தாழக் காட்டோரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள். யானையை ‘இறங்குவார்கள்’ என்று சொல்லிவிட்டேன், இருக்கட்டும். நல்ல வருடத்தில் இருநூறு, முந்நூறு யானைகளை ஒரே மாலையில் ஒரே வெளியில் பார்க்கலாம். ஆசிய யானைகள் இத்தனை பெரிய கூட்டமாகச் சேர்வது அபூர்வம். முதல் பத்து நிமிடம் எல்லோரும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். எண்ணுவதை விட்டுவிட்டு ஒரே ஒரு குடும்பத்தைப் பாருங்கள். முன்னங்காலால் புல்லைக் கிளறி, துதிக்கையால் சுருட்டிப் பிடுங்கி, காலில் தட்டி மண்ணை உதறிவிட்டுத்தான் வாயில் போடும். குட்டி அதைப் பார்த்துத் தானும் செய்யப் போய், புல்லைக் கீழே போட்டுவிட்டு நிற்கும். இன்னொன்றும் கவனிப்பீர்கள். முதுமலையில் ஆண் யானை என்றால் தந்தத்தோடுதான் பெரும்பாலும் நினைவுக்கு வரும். இலங்கையில் நூறு ஆண் யானைகளில் பத்துக்கும் குறைவானவற்றுக்கே தந்தம் உண்டு.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மொரகஹகந்த நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் வரத் தொடங்கியபிறகு, சில வருடங்களில் கோடையிலும் மின்னேரியா நிரம்பியே நிற்கிறது. குளம் வற்றாவிட்டால் புல் ஏது? யானைகள் பக்கத்திலுள்ள கவுடுல்லைக்கோ ஹுருலுக் காட்டுக்கோ போய்விடுகின்றன. இன்றைக்கு யானை எந்தப் பக்கம் என்று ஹபரணை ஜீப் ஓட்டுநர்களுக்குத் தெரியும். மின்னேரியாதான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் அவர்கள் சொல்கிற இடத்துக்குப் போவது புத்திசாலித்தனம்.

அதே மாதங்களில் ஹபரணையிலிருந்து வடகிழக்கே இரண்டு மணி நேரம் போனால் திருகோணமலை. நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில் புறாத்தீவு. பவளப் பாறைகளுக்கு மேல் முகமூடி போட்டுக்கொண்டு மிதந்தால், கருமுனைத் துடுப்புச் சுறாக்கள் இடுப்பளவு தண்ணீரிலேயே சுற்றி வருவதைப் பார்க்கலாம். சுறா என்றதும் பயப்பட வேண்டாம். அவை மனிதனைக் கண்டால் விலகிப் போகிற ஜாதி. பயப்பட வேண்டியது பவளத்துக்காகத்தான். ஒரே நேரத்தில் அத்தனை பேர் இறங்கி மிதித்ததில் கரையோரப் பவளம் நிறைய நொறுங்கிக் கிடக்கிறது. நீந்தத் தெரியாதவர்கள் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு மேலேயே மிதக்கட்டும். காலை ஊன்ற வேண்டாம்.

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழம் உலகம் அறிந்தது. கடலடியில் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று கரையை ஒட்டியே ஓடுகிறது. அதனால் ஆழ்கடலில் உலவ வேண்டிய நீலத் திமிங்கிலம் இங்கே கரைக்குப் பக்கத்திலேயே வருகிறது. கோணேசர் கோயில் நிற்கிற மலை உச்சியிலிருந்தே அது நீர் பீச்சுவதைப் பார்த்தவர்கள் உண்டு. தரிசனத்துக்குப் போகிறவர்கள் கொஞ்ச நேரம் கடலையும் பார்த்துவிட்டு வரலாம்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை என்றால் திமிங்கிலத்துக்குத் தென்கரை, மிரிஸ்ஸ. விடியற்காலையிலேயே படகு கிளம்பிவிடும். தேவேந்திரமுனைக்குத் தெற்கே கடல் சட்டென்று ஆழமாகிவிடுகிறது. அங்கேதான் உலகத்திலேயே மிகப் பெரிய உயிர் மேலே வந்து மூச்சு விடுகிறது. நேயர்கள் படங்களில் பார்த்ததுபோல முழுத் திமிங்கிலம் துள்ளிக் குதிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் தூரத்தில் ஒரு நீர்த்தாரை, மூன்று ஆள் உயரத்துக்கு மேல். பிறகு கருநீல முதுகு. அது முடியும் என்று பார்த்தால் நழுவிக்கொண்டே இருக்கும். ஆழத்துக்கு மூழ்கும் நேரத்தில், அதிர்ஷ்டம் இருந்தால் வால். அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டுப் பேச்சிழந்து திரும்புகிறவர்கள்தான் அதிகம். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் காலையில் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம்.

இந்தத் திமிங்கிலங்களிடம் ஒரு விசேஷம் உண்டு. மற்றக் கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் துருவப் பக்கத்துக் குளிர்கடலில் இரை தின்று, வெதுவெதுப்பான கடலுக்குக் குட்டி போட வரும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. 2003இல் ஆய்வுக் கப்பல் ஒன்றிலிருந்த ஆஷா டி வோஸ் என்ற இலங்கை உயிரியலாளர், இந்த வெப்பக் கடலின் மேற்பரப்பில் செக்கச்சிவந்த திமிங்கிலக் கழிவு மிதப்பதைப் பார்த்தார். கழிவு இருந்தால் சாப்பாடும் இங்கேதானே நடக்கிறது? அதைப் பிடித்துக்கொண்டு போனதில், இவை தென்துருவத்துக்குப் போகாமல் வருடம் முழுவதும் வட இந்தியப் பெருங்கடலிலேயே வாழ்கின்றன என்பது உறுதியானது. சங்கடம் என்னவென்றால், அவை இரை தேடும் அதே இடத்தின் வழியாகத்தான் உலகின் நெரிசல் மிகுந்த கப்பல் பாதை ஒன்றும் போகிறது. மோதிச் சாகின்றன. 2022இல் எம்எஸ்சி என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைச் சற்றுத் தெற்கே தள்ளிப் போகச் சொன்னது. மற்றவர்களும் கேட்டால் நல்லது.

சிறுத்தையைப் பற்றி இன்னும் பேசவில்லையே என்று நினைப்பீர்கள். வேண்டுமென்றேதான் தள்ளிவைத்தேன். இலங்கைக் கொடியில் சிங்கம் உண்டு, காட்டில் கிடையாது, புலியும் கிடையாது. ஆகவே காட்டுக்குச் சிறுத்தைதான் ராஜா. போட்டிக்கு ஆளில்லாததால் பட்டப்பகலில் பாறைமேல் படுத்துக் கிடக்கும் தைரியம் அதற்கு வந்திருக்கிறது. யால காட்டின் முதல் வட்டாரத்தில் அது கண்ணில் படும் வாய்ப்பு ஆசியாவில் வேறெங்கும் கிடைப்பது அரிது. அங்கேதான் தொல்லையும். ஒரு ஓட்டுநர் கண்டால் போதும், செய்தி போனில் பறக்கும். சிறிது நேரத்தில் அந்தக் குறுகிய வண்டித் தடத்தில் ஜீப்புகள் வரிசைகட்டி நிற்கும், புழுதி பறக்கும், பாவம் அந்தச் சிறுத்தை எழுந்து போய்விடும். ஜூன், ஜூலையில் பாலைப்பழம் பழுக்கும்; கரடி மரத்தில் ஏறித் தின்னும் காட்சி அப்போதுதான். செப்டம்பரில் தொடங்கிச் சில வாரங்கள் வறட்சிக்காக இந்த வட்டாரத்தை மூடுவது வழக்கம். முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் வில்பத்துக்குத்தான் போகச் சொல்வேன். 1,300 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த காடு, நாட்டிலேயே பெரிய தேசியப் பூங்கா. போர்க்காலத்தில் நீண்ட நாள் மூடிக் கிடந்தது. மழைநீர் தேங்கிய இயற்கைத் தடாகங்கள் காட்டுக்குள் ஆங்காங்கே உண்டு; ஒன்றின் கரையில் ஜீப்பை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கலாம். சிறுத்தை வரலாம், வராமலும் போகலாம். மான் தண்ணீர் குடிக்கும், முதலை மூக்கை மட்டும் நீட்டும், மீன்கொத்தி விழும். கூட்டமில்லாத காட்டில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதை நம்மவர்கள் இன்னும் பழகவில்லை.

யாலவுக்குக் கிழக்கே குமண. மே, ஜூனில் வில்லு என்று சொல்லப்படும் அதன் தடாகத்தில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டும். அதன் வாசலில் உகந்தை முருகன் கோயில். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகவே நடந்து வரும் அடியார்கள் இங்கே கூடுவார்கள். கதிர்காமத்து ஆடி விழாவையொட்டிக் காட்டுப்பாதையைத் திறந்துவிட்டதும், குமண, யால காடுகளுக்குள் பல நாள் நடந்து கதிர்காமம் போய்ச் சேர்வார்கள். ஜீப்பை விட்டு இறங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிற காட்டில், முருகன் பெயரைச் சொல்லிக்கொண்டு குழந்தைகளும் கிழவிகளும் வெறுங்காலோடு போகிறார்கள். அந்தக் காட்டைச் சரியாகப் பார்த்தவர்கள் அவர்கள்தான் என்பது என் அபிப்பிராயம்.

பறவைப் பித்து உள்ளவர்களுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை சிங்கராஜ மழைக்காடு. பல ஜாதிப் பறவைகள் ஒரே கூட்டமாகச் சேர்ந்து இரை தேடிப் போகும் வேடிக்கையை அங்கே பார்க்கலாம். அறிவியலுக்குப் புதிதான ஓர் ஆந்தைக்கு 2004இல் பெயர் வைத்தார்கள் என்றால் அந்தப் பக்கத்துக் காடுகளின் அடர்த்தியை ஊகித்துக்கொள்ளுங்கள். அட்டை கடிக்கும், அதற்கென்றே நீளக் காலுறை விற்கிறார்கள். மழைக்காலம் முடிந்த கையோடு வடக்கே போகிறவர்கள் மன்னார், வங்காலைச் சதுப்பில் பூநாரைகளைப் பார்க்கலாம். குறிகட்டுவானில் படகேறினால் நெடுந்தீவு. யாருக்கும் சொந்தமில்லாத குதிரைகள் பவளக்கல் வேலிகளுக்கு இடையே மேய்ந்துகொண்டிருக்கும்.

இத்தனையையும் ஒரே பயணத்தில் அடைத்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். சாலைகள் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் மெதுவானவை. ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் ஒரு காடும் ஒரு கடலும் போதும். குழந்தைகளோடு போகிறவர்கள் உடவளவைத் தேசியப் பூங்காப் பக்கம் ஒரு நாள் இருங்கள். அங்கே வருடம் முழுவதும் யானைகளைப் பார்க்கலாம். தாயை இழந்த குட்டிகளை வளர்த்துத் திரும்பக் காட்டுக்கே அனுப்பும் இல்லம் ஒன்று 1995இலிருந்து நடக்கிறது. பால் கொடுக்கும் நேரத்தில் தள்ளி நின்று பார்க்கலாம், தொட விடமாட்டார்கள். அதுதான் அந்த இல்லத்தின் பெருமை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உடவளவை வேலியோரத்திலும், புத்தலயிலிருந்து கதிர்காமம் போகும் சாலையிலும் யானைகள் வண்டிகளை எதிர்பார்த்து நிற்கும். யாரோ ஒருவர் என்றோ வாழைப்பழம் கொடுத்துப் பழக்கிவிட்டார். இன்று அவை பஸ்ஸை மறிக்கின்றன, ஜன்னலுக்குள் துதிக்கையை விடுகின்றன. பழம் இல்லாத வண்டிக்குக் கோபத்தைக் காட்டுகின்றன. அந்த நாட்டில் யானையால் மனிதரும் மனிதரால் யானையும் வருடந்தோறும் நூற்றுக்கணக்கில் சாகிறார்கள். 2025 பிப்ரவரியில் ஹபரணைக்கு அருகே ரயில் மோதி ஆறு யானைகள் ஒரே இரவில் இறந்தன. நீங்கள் போகும்போது சாலையோர யானைக்குப் பழம் கொடுக்காதீர்கள். கொடுக்கச் சொல்லும் ஓட்டுநரையும் நிறுத்தாமல் போகச் சொல்லுங்கள்.