பாதையோரப் பறவைகள்

ஏரிக்கரைச் சாலைகளில் மாலை நேரத்தில் ஒரு காட்சியைக் காண்கிறோம். கால் கட்டப்பட்ட கொக்குகளும் கௌதாரிகளும் கழியில் தலைகீழாகத் தொங்க, ஒருவர் வழிப்போக்கரிடம் விலை கூறுகிறார். ‘இது காடன்று, பொதுப் பாதை, பறவையோ எவருக்கும் உடைமையன்று, பிடித்து உண்பதில் குற்றமென்ன?’ என்று அவர் வினவினால், நம்மில் பலருக்கு விடை தோன்றுவதில்லை.

முன்னாளில் இவ்வினாவுக்குச் சிறிது இடமிருந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம், அரசு அறிவித்த பருவங்களில் மட்டுமே பறவை வேட்டையைத் தடுத்தது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் தொடக்கத்தில் உரிமம் பெற்று வேட்டையாட இடமளித்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வழியை அடைத்துவிட்டது.

சட்டங்களை மொழிபெயர்க்கும் பணியில் இருக்கும் நமக்கு, ‘வேட்டை’ என்னும் சொல் ஒரு பாடம் கற்பித்தது. அச்சொல்லைக் கேட்டவுடன் துப்பாக்கியும் அடர்காடும் நம் நினைவுக்கு வருகின்றன. சட்டமோ கண்ணி வைத்தலையும், இரை காட்டி ஈர்த்தலையும், நஞ்சிடுதலையும், அவற்றுக்கான முயற்சியையுங்கூட வேட்டை என்றே கொள்கிறது. பறவையின் முட்டையைச் சிதைப்பதும் கூட்டைக் கலைப்பதும் அதனுள் அடங்கும். காட்டுக்குள்ளா, வயல் வரப்பிலா, சாலையோரத்திலா என்று அது பார்ப்பதில்லை. காவல் இடத்துக்கு அன்று, பறவைக்கு. உணவுக்காக என்பதும் விலக்கு ஆகாது. உயிருக்கோ பயிருக்கோ கேடு நேரும்போது தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்து மூலம் தரும் அனுமதி, நிக்கோபார்த் தீவுகளின் பழங்குடியினருக்குள்ள வேட்டையுரிமை போன்ற சில விலக்குகளே உண்டு. மீறினால் சிறைத் தண்டனையும் விதிக்கப்படலாம்.

விற்பவர் மட்டுமே குற்றவாளி என்றும் எண்ண வேண்டா. காட்டுப் பறவையை அவரிடம் விலைக்கு வாங்குவதும் தடுக்கப்பட்டதே. நாம் ஒருமுறை இரக்கத்தால் இரு கொக்குகளை வாங்கிப் பறக்கவிட்டோம். நற்செயல் புரிந்ததாகவே மகிழ்ந்தோம். மறுவாரம் அதே மனிதர், அதே இடத்தில், நம்மைக் கண்டு முகமலர்ந்து நின்றார். அவருடைய கழியை நிரப்பியது நம் இரக்கமே என்பது அப்போதுதான் விளங்கிற்று.

சட்டம் மட்டும் போதுமா? நாகாலாந்தில் தோயாங் நீர்த்தேக்கத்தின் அருகே பாங்தி என்றோர் ஊர் உண்டு. ஆசியாவின் வடகிழக்கிலிருந்து தென்னாப்பிரிக்கப் பகுதிகளுக்குச் செல்லும் அமூர் வல்லூறுகள் அங்கே தங்கிச் செல்லும். 2012ஆம் ஆண்டில் அவை மீன்வலைகளில் பல்லாயிரக்கணக்கில் சிக்கி உணவாயின. சட்டம் அப்போதும் இருந்தது. ஆயினும், ஊரார் தாமே கூடித் தடைவிதித்த பிறகே, 2013ஆம் ஆண்டில் அவ்வலைகள் இறங்கின.

அந்த ஊரார்க்கு அது வருவாயை இழக்கும் முடிவு. நம்மிடம் கேட்கப்படுவதோ மிகச் சிறிது: பாதையோரத்தில் விலை கேளாதிருத்தல், வனத்துறைக்கு ஒரு சொல் அறிவித்தல். வாங்குவோர் இல்லாத சாலையில் எவரும் கழியேந்தி நிற்கமாட்டார்.