கென்னி மண்டேவுக்கு முன்னால் இருந்தவர்கள் எங்கே?



விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்குள் நுழைந்த கபடி ஆட்டக்காரன் நான். விடுதியில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. "டேய் கோட்டா" என்பார்கள். எந்தக் கோட்டா என்று அவர்களுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. நான் பட்டியல் சாதி என்று தெரிந்ததும் சிரிப்பு கூடியது. இன்று 'தகுதி' பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் ஒரு மல்யுத்த வீரரின் கதையோடு வந்திருக்கிறேன்.

கென்னி மண்டே. அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்துக் கறுப்பினப் பையன், 1961-ல் பிறந்தவர். அந்த ஊரில் கறுப்பின மக்கள் கடையும் வீடுமாகச் செழித்திருந்த கிரீன்வுட் பகுதியை 1921-ல் வெள்ளையர் கும்பல் எரித்துச் சாம்பலாக்கியது. தப்பி நின்ற சில கட்டடங்களில் ஒன்று புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளி. செஞ்சிலுவைச் சங்கம் அங்கிருந்துதான் நிவாரணப் பணி செய்தது. பிற்காலத்தில் கட்டடம் மாறியது, பெயர் மாறவில்லை. மண்டே படித்தது அந்தப் பள்ளியில்தான்.

அங்கிருந்து ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம். அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்துக்கு அதுதான் தாய்வீடு என்பார்கள். தேசியக் கல்லூரிப் போட்டி தொடங்கிய 1928-லிருந்தே பட்டங்களை அள்ளிய இடம். அந்தக் கல்லூரி முதல் கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொண்டது 1949-ல். நான்சி ராண்டால்ஃப் டேவிஸ் என்ற பெண். அதற்குள் பத்துக்கும் மேற்பட்ட அணிப் பட்டங்கள் அலமாரியில் ஏறிவிட்டன. எல்லாம் தகுதியால் வென்றவை என்றுதான் சொல்வார்கள். சரி, யாரோடு மோதி?

மண்டேவுக்கும் கல்லூரியில் எல்லாம் எளிதாக வரவில்லை. 1982, 1983 இரண்டு தேசிய இறுதிகளிலும் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நேட் காரிடம் தோற்றார். காரும் கறுப்பினத்தவர். வாசல் திறந்த பிறகு இறுதிப் போட்டியில் யார் யார் நின்றார்கள் பாருங்கள். 1984-ல் மண்டே பட்டம் வென்றார்.

அடுத்ததுதான் கடினமான பகுதி. அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடுவது வேறு மல்யுத்தம். எதிராளியைக் கீழே அமுக்கி வைத்திருக்கும் நேரத்துக்கே அங்கே மதிப்பு உண்டு. பிடியிலிருந்து கழன்று எழுந்தவனுக்கும் ஒரு புள்ளி. ஒலிம்பிக்கின் ஃப்ரீஸ்டைலில் சும்மா அமுக்கிக்கொண்டிருந்தால் நடுவர் இருவரையும் எழுப்பி நிறுத்திவிடுவார். எதிராளியின் முதுகை விரிப்புப் பக்கம் திருப்ப வேண்டும். கல்லூரியில் முதுகு வழியாக உருண்டு தப்பிப் பழகியவன் இங்கே அப்படி உருண்டால் புள்ளி எதிராளிக்குப் போகும். பல வருடம் உடம்பில் ஊறியதை மறக்க வேண்டும். கபடியில் பாடத்தை மாற்றிக்கொள்ளவே எனக்கு ஒரு வருடம் ஆனது, அதனால் சொல்கிறேன்.

மண்டே மாற்றிக்கொண்டார். 74 கிலோ பிரிவில் 1984 ஒலிம்பிக் தங்கம் டேவ் ஷுல்ட்ஸ் வசம் இருந்தது. 1988 அணித் தேர்வில் அவரைத் தாண்டித்தான் மண்டே சியோல் போனார். இறுதியில் எதிரே நின்றவர் சோவியத் வீரர் அட்லான் வராயேவ், முந்தைய ஆண்டின் உலக சாம்பியன். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. மண்டே வென்றார். ஒலிம்பிக் மல்யுத்தத்தில் தங்கம் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர். மறுவருடம் உலகப் பட்டம், 1992-ல் வெள்ளி.

'முதல்' என்று சொல்லிக் கைதட்டும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அமெரிக்காவில் கல்லூரி தேசியப் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவர் சைமன் ராபர்ட்ஸ், 1957-ல். ஒலிம்பிக் மல்யுத்த அணியில் இடம்பிடித்த முதல்வர் பாபி டக்ளஸ், 1964-ல். முதல் உலக சாம்பியன் லாயிட் கீசர், 1973-ல். ஒவ்வொரு 'முதல்'லுக்கும் பின்னால் எத்தனை வருடம் கதவு சாத்தியிருந்தது என்று கணக்குப் போடுங்கள்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். பால்டிமோரில் மார்கன் ஸ்டேட் என்று கறுப்பின மாணவர்களுக்காக உருவான பல்கலைக்கழகம் ஒன்று உண்டு. 1997-ல் அங்கே மல்யுத்த அணியைக் கலைத்துவிட்டார்கள். ஒரு நன்கொடையால் 2021-ல் அதை மீட்க முடிவானது. 2022-ல் அதற்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனவர் கென்னி மண்டே. அறுபது வயதில், ஒரு பையன்கூட இல்லாத அணிக்கு ஆள் சேர்ப்பதிலிருந்து தொடங்கினார்.